மூலிகை லிப் பாம் செய்வதும் சோதிப்பதும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் வீட்டுச் சமையலறையில் லிப் பாம் செய்ய ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. முதலில் வீட்டுக்கு மட்டும் செய்தேன். அப்புறம் தெருவில் கேட்டவர்களுக்குக் கொடுத்தேன். பிறகு மகளிர் குழுவில் சொல்லித்தரக் கூப்பிட்டார்கள். பி.ஃபார்ம் படிக்கும் பிள்ளைகளும் ப்ராஜெக்ட் என்று வந்து உட்காருவார்கள். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். செய்முறையைப் படித்துவிட்டுச் சோதனைப் பகுதியை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். தயவுசெய்து அதையும் படியுங்கள். இது வாய்க்குள் போகிற பொருள்.

உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினா போதாதா? எதுக்கு லிப் பாம்?

போதும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். நம் முகத்தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் உண்டு. உதட்டின் சிவந்த பகுதியில் பொதுவாக அவை கிடையாது, வியர்வைச் சுரப்பியும் கிடையாது. மேல்தோலும் மிக மெல்லியது. அதனால் உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் வெளியேறிவிடுகிறது. எண்ணெய் மட்டும் தடவினால் பேசும்போதும் சாப்பிடும்போதும் அது வழிந்து போய்விடும். மெழுகு கலந்தால் அது ஒரு மெல்லிய படலமாக உதட்டில் நிற்கும்.

லிப் பாம் புதிதாக ஈரம் எதையும் கொடுப்பதில்லை, இருக்கிற ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. அதனால் முகம் கழுவியதும், உதடு லேசாக ஈரமாக இருக்கும்போதே தடவுங்கள். காய்ந்த உதட்டில் நாலு தடவை பூசுவதைவிட இது ஒரு தடவையே நன்றாக வேலை செய்யும். உதட்டை நாக்கால் நனைக்கும் பழக்கம் இருந்தால் அதை விடுங்கள். எச்சில் காயும்போது உதட்டை இன்னும் வறட்சியாக்கிவிட்டுப் போகும்.

என்னென்ன வாங்கணும்? அளவு சொல்லுங்க.

40 கிராம் கலவைக்கு என் அளவு இது: தேன்மெழுகு 10 கிராம், கோகம் பட்டர் 8 கிராம், மூலிகை ஊறிய தேங்காய் எண்ணெய் 10 கிராம், விளக்கெண்ணெய் 8 கிராம், நல்லெண்ணெய் 4 கிராம். கடைசியில் வைட்டமின் ஈ எண்ணெய் ஐந்தாறு துளி. ஐந்து கிராம் டப்பிகளில் ஏழு நிறையும். மிச்சம் கிண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

ஒவ்வொன்றும் ஏன் என்று தெரிந்தால் நீங்களே மாற்றிக்கொள்ளலாம். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில்தான் உருகும், அதுதான் கலவைக்கு முதுகெலும்பு. கோகம் பட்டர் கொங்கண் பக்கம் விளையும் முருகல் பழத்தின் விதையில் எடுப்பது. 40 டிகிரியை ஒட்டி உருகும் என்பதால் நம் ஊர் வெயிலுக்குக் கோகோ பட்டரைவிட நன்றாகத் தாங்குகிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். மார்கழியில் பாட்டிலில் உறைந்து, மாசியில் தானாக இளகுவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்கெண்ணெய் பிசுபிசுப்பும் பளபளப்பும் தரும். எள் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. தாளிக்கிற நல்லெண்ணெயில் வெல்லம் சேர்த்து ஆட்டிய வாசனை இருக்கும், பிடிக்காவிட்டால் அதையும் தேங்காய் எண்ணெயாகவே போட்டுவிடுங்கள்.

ஸ்பூன் கணக்கு வேண்டாம். 0.1 கிராம் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். துருவிய மெழுகு ஒரு ஸ்பூனும் கட்டி மெழுகு ஒரு ஸ்பூனும் ஒரே எடை இல்லை. போன தடவை நன்றாக வந்தது, இந்தத் தடவை கல்லாகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் ஸ்பூனில் அளந்தவர்கள்.

நேரா அடுப்புல வெச்சு உருக்கினா என்ன ஆகும்?

மெழுகு கருகும், எண்ணெய் வாடை மாறும், கவனம் தப்பினால் தீப்பிடிக்கும். ஒரு வாயகன்ற சட்டியில் தண்ணீர் கொதிக்க வைத்து, தீயைக் குறைத்து, அதற்குள் எவர்சில்வர் கிண்ணத்தையோ தடித்த கண்ணாடிக் குவளையையோ வைத்து உருக்குங்கள். முதலில் மெழுகு, அது முழுக்க உருகியதும் பட்டர், கடைசியில் எண்ணெய்கள். குளிர்ந்த எண்ணெயை ஊற்றியதும் மெழுகு திட்டுத்திட்டாக உறையும். பயப்பட வேண்டாம், மறுபடி தெளிவாகும்வரை கலக்குங்கள்.

கிண்ணத்தை வெளியே எடுத்ததும் அடிப்பக்க ஈரத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். டப்பியில் ஊற்றும்போது அந்தச் சொட்டுத்தான் உள்ளே போகிறது. கிண்ணத்தின் ஓரத்தில் லேசாக மங்கல் படர ஆரம்பிக்கும் முன் வைட்டமின் ஈ சேர்த்துக் கலக்கி ஊற்றிவிட வேண்டும். டப்பிக்குப் பதில் திருகி ஏற்றும் லிப் பாம் குழாயில் ஊற்றினால் நடுவில் ஒரு குழி விழும், ஆறும்போது கலவை சுருங்குவதால்தான். கொஞ்சம் மிச்சம் வைத்திருந்து மேலே நிரப்புங்கள். கிண்ணத்தைச் சூடு ஆறும் முன் பழைய செய்தித்தாளால் துடைத்து எடுங்கள். சிங்க்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

மூலிகையைப் பொடியா அப்படியே கலந்துடலாமா?

கூடாது. எவ்வளவு நைசாகச் சலித்தாலும் உதட்டில் மணல் தேய்ப்பது போலிருக்கும், அடியில் தங்கவும் செய்யும். மூலிகையை எண்ணெயில் ஊறவைத்து, வடிகட்டி, அந்த எண்ணெயைத்தான் சேர்க்க வேண்டும்.

காய்ந்த மூலிகை ஒரு பங்குக்கு எண்ணெய் ஐந்து பங்கு. மேலே சொன்ன அதே வெந்நீர்ச் சட்டியில், தண்ணீர் கொதிக்காமல் வெறும் சூட்டில், இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். பழைய வேட்டித் துணியில் இரண்டு முறை வடிகட்டி ஓர் இரவு அசையாமல் வைத்தால் மண்டி அடியில் நிற்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுங்கள்.

காய்ஞ்சதுதான் வேணுமா? பச்சைக் கற்றாழை, செம்பருத்தி போட்டா இன்னும் நல்லதுதானே?

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். பச்சை என்றால் தண்ணீர். லிப் பாமில் எந்தப் பதப்படுத்தியும் நாம் சேர்ப்பதில்லை. தண்ணீர் இல்லாததால் மட்டுமே அது கெடாமல் இருக்கிறது. துளி ஈரம் போனாலும் பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடும். ஆரம்பத்தில் தொட்டிக் கற்றாழையை வழித்துக் கலந்து ஒரு டப்பி செய்து அக்கா மகளுக்குக் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் மேலே சாம்பல் நிறத்தில் முடி முளைத்தது போல இருந்தது. அதற்குள் அவள் ஒரு வாரம் தடவியிருந்தாள். அன்றைக்கு வந்த பயம் இன்னும் எனக்கு இருக்கிறது.

பச்சை இலைதான் வேண்டுமென்றால் நம் தைலம் காய்ச்சுகிற முறை இருக்கிறதே, அதைப் பின்பற்றுங்கள். சடசடப்பு அடங்கும்வரை சின்னத் தீயில் காய்ச்சி, இலைச் சக்கையை விரலில் உருட்டிப் பார்க்க வேண்டும். உருட்டினால் திரண்டு வந்தால் மெழுகு பதம், கையில் உதிர்ந்தால் மணல் பதம். அப்புறம் ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்துக் கொளுத்துங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இன்னும் இருக்கிறது, அமைதியாக எரிந்தால் போய்விட்டது. இந்தத் திரிச் சோதனையை மட்டும் எந்த எண்ணெய்க்கும் தவறாமல் செய்கிறேன், காய்ந்த மூலிகை போட்டதற்கும்கூட. கற்றாழை மட்டும் இந்த வழிக்கும் வேண்டாம். அதில் கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர்தான், காய்ச்சி முடித்தால் எண்ணெயில் சொல்லும்படி எதுவும் மிஞ்சாது.

வெட்பாலை எண்ணெய் மாதிரி வெயில்ல வெச்சு எடுக்கலாமா? அந்த எண்ணெயையே போடலாமா?

வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் கருநீலமாக மாறுவது அழகான காட்சி. பொடுகுக்கும் தோல் நோய்க்கும் சித்த மருத்துவத்தில் அதைக் கொடுக்கிறார்கள். அது மருந்து. மருந்தை மருத்துவர் சொன்ன இடத்தில்தான் தடவ வேண்டும். உதட்டில் தடவுவது பாதி வயிற்றுக்குள் போகும், அதனால் லிப் பாமில் சேர்க்காதீர்கள்.

வெயில் முறையில் மற்ற காய்ந்த மூலிகைகளை ஊறவைக்கலாம். ஆனால் வெளிச்சம் பட்டால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும். எனக்கு வெந்நீர்ச் சட்டிதான் நம்பிக்கை.

எந்த மூலிகை நிஜமாவே வேலை செய்யும்?

வெடிப்பு ஆறுவதில் பெரும்பங்கு மெழுகும் எண்ணெயும் செய்கிற வேலை. மூலிகை அதற்குத் துணை. இதைச் சொன்னால் சிலருக்கு முகம் வாடிவிடுகிறது, ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். பன்னீர் ரோஜா இதழும் நன்னாரி வேரும் வாசனைக்காகப் போடுகிறேன். மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் இறங்கும், அதனால் கிள்ளு போட்டாலே உதடு மஞ்சளாகத் தெரியும். அதிமதுரத்தின் இனிப்புச் சத்து தண்ணீரில்தான் நன்றாகக் கரையும், எண்ணெயில் போட்டால் அதில் கொஞ்சம்கூட வருமா என்பது சந்தேகம். வேப்பிலை போட்டவர்கள் யாரும் இரண்டாவது தடவை போடவில்லை, அவ்வளவு கசப்பு.

ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வெளிநாட்டுக் குறிப்புகளில் வரும் கேலண்டுலாவைச் சாமந்தி என்று நினைத்து மாலை கட்டும் சாமந்தியையோ, மேரிகோல்டு என்ற பெயரைப் பார்த்துத் துலுக்கச் சாமந்தியையோ போட்டுவிடுகிறார்கள். மூன்றும் ஒரே குடும்பம், ஆனால் வேறு வேறு செடிகள். பூக்கடைப் பூவில் மருந்து அடித்திருப்பார்கள், அதுவும் உதட்டுக்கு ஆகாது.

பீட்ரூட் போட்டேன், நிறமே ஏறலை. புள்ளி புள்ளியா நிக்குது. ஏன்?

பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில் கரைகிற நிறம். எண்ணெயும் மெழுகும் அதை ஏற்காது. சாறாகப் போட்டால் பிரிந்து நிற்கும், கற்றாழைக்குச் சொன்ன கதிதான் அதற்கும். பொடியாகப் போட்டால் புள்ளியாக நிற்கும். செம்பருத்திச் சிவப்பும் அப்படித்தான்.

எண்ணெயில் இறங்கும் நிறங்கள் வேறு. நாட்டு மருந்துக் கடையில் கூந்தல் எண்ணெய்க்கு வாங்கும் வேம்பாளம்பட்டையைப் போட்டால் எண்ணெய் சில நிமிடத்தில் ரத்தச் சிவப்பாகும். ஆனால் அந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளின் பட்டையும் வேரும் விற்கின்றன, சிலவற்றில் கல்லீரலுக்கு ஆகாத பொருள்கள் இருக்கலாம். தலைக்குத் தடவுவது வேறு, உதட்டுக்கு வேறு. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் நான் அதைப் போடுவதே இல்லை. சாப்பாட்டுக்கு நிறம் ஏற்றப் பயன்படும் ஜாப்ரா விதை எண்ணெயில் ஆரஞ்சு நிறம் தரும். எனக்கு அது போதுமானதாக இருக்கிறது.

கொஞ்சம் குங்குமம் போட்டா நல்ல சிவப்பு வருமே?

வேண்டவே வேண்டாம். கடையில் விற்கும் குங்குமத்திலும் செந்தூரத்திலும் என்ன நிறப்பொருள் இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. சில செந்தூரங்களில் ஈயம் சேர்ந்த சிவப்பு இருக்கும். ஈயம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும்.

தேன் கலந்தேன், கீழ தங்கிடுச்சு.

தேனும் கிளிசரினும் எண்ணெயோடு சேராது. பீட்ரூட் சாறு பிரிந்த அதே காரணம். இன்னொன்றும் உண்டு: ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் நாக்கில்கூடப் படக்கூடாது. அதனால் தேன் கலந்த எதையும் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கொடுக்காதீர்கள்.

தேன்மெழுகுல கலப்படம் இருக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

மோந்து பாருங்கள், தேன்கூட்டு வாசனை வர வேண்டும். உடைத்தால் உடைந்த முகம் சொரசொரப்பாக இருக்கும். மெழுகுவர்த்தி மெழுகு கலந்திருந்தால் வழவழப்பாக, கொஞ்சம் கண்ணாடித்தன்மையோடு இருக்கும். உருகும் சூட்டை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பாரஃபினிலும், அதாவது அந்த மெழுகுவர்த்தி மெழுகிலும், 60-ஐ ஒட்டி உருகும் வகைகள் இருக்கின்றன.

அடர்த்திச் சோதனை கொஞ்சம் நம்பகமானது. தேனீ வளர்ப்பவரிடம் நேரில் வாங்கிய நல்ல மெழுகுத் துணுக்கு ஒன்று கையில் இருக்க வேண்டும். கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் போனால் தேனீ வளர்க்கும் வீடுகள் நிறைய. ஒரு தம்ளர் தண்ணீரில் அந்தத் துணுக்கைப் போடுங்கள், மிதக்கும். காயம் துடைக்கும் ஸ்பிரிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, துணுக்கு மெதுவாகக் கீழே இறங்கியதும் நிறுத்துங்கள். இப்போது சந்தேக மெழுகின் துணுக்கைக் குமிழி ஒட்டாமல் போடுங்கள். பாரஃபின் எடை குறைந்தது, நிறையக் கலந்திருந்தால் மேலேயே நிற்கும். பக்கத்தில் அடுப்பு எரியக்கூடாது.

தேன்மெழுகு வேண்டாம்னு நினைக்கறவங்களுக்கு?

செடியிலிருந்து எடுக்கும் மெழுகுகள் உண்டு: கேண்டலில்லா மெழுகு 70 டிகிரியை ஒட்டியும், கார்னோபா மெழுகு 82-க்கு மேலும் உருகும். இரண்டும் தேன்மெழுகைவிடக் கடினம். 10 கிராமுக்குப் பதில் கேண்டலில்லா 5 அல்லது 6 கிராமில் தொடங்குங்கள், மிச்ச எடைக்கு எண்ணெய். கார்னோபாவைத் தனியாகப் போட்டால் உடையும்.

ரவை மாதிரி நெறநெறன்னு வருது. என்ன தப்பு?

பட்டர் மெதுவாக ஆறும்போது உள்ளே இருக்கும் கொழுப்புகள் ஒவ்வொன்றும் தனித்தனியே கட்டியாகின்றன. அது கெட்டுப்போகவில்லை, உதட்டில் வைத்தால் கரைந்துவிடும். முழுவதையும் மறுபடி உருக்கி, தெளிந்த பிறகும் பத்து நிமிடம் சூட்டில் வைத்து, ஊற்றியதும் ஃபிரிட்ஜில் வைத்துச் சீக்கிரம் ஆறவிடுங்கள். மூடிபோட்டு வைக்க வேண்டாம். மூடியில் வேர்க்கும் நீர் சொட்டும், அது என்ன செய்யும் என்று மேலே பார்த்துவிட்டோம்.

ஊத்தினதுக்கு அப்புறம்தான் பதம் தெரியுது. முன்னாடியே பார்க்க வழி இல்லையா?

பாகு பதம் பார்ப்பது மாதிரிதான். ஒரு ஸ்பூனை ஃபிரீசரில் வைத்திருங்கள். உருகிய கலவையில் நாலு துளி அதில் விட்டு, உறைந்ததும் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் அறைச் சூட்டுக்கு வரவிட்டுத் தொடுங்கள். குளிர்ந்தபடியே தொட்டால் எல்லாம் கெட்டியாகத்தான் தெரியும். விரல் வழுக்கி ஒரு படலம் ஏற வேண்டும். விரல் அமுங்கினால் ஒரு கிராம் மெழுகு, சுரண்டினால்தான் வருகிறது என்றால் இரண்டு கிராம் எண்ணெய் சேருங்கள். என்ன சேர்த்தீர்கள் என்பதை அப்போதே நோட்டில் எழுதிவிடுங்கள்.

மே மாசத்துல பையிலேயே உருகிடுது. எப்படிச் சோதிக்கறது?

எனக்கும் நடந்தது. மதியப் பேருந்துப் பயணத்தில் கைப்பை முழுவதும் எண்ணெய். அறைச் சூட்டில் நன்றாக இருந்தது என்பதை வைத்து இனிமேல் எதையும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

மூடிய டப்பியை ஓர் எவர்சில்வர் சம்புடத்தில் வைத்து, அந்தச் சம்புடத்தை 45 டிகிரி வெந்நீரில் மிதக்கவிடுங்கள். சமையல் தெர்மாமீட்டர் வைத்து, ஆற ஆற வெந்நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் அதே சூட்டில் வையுங்கள். மேலே எண்ணெய் முத்து முத்தாக வேர்க்கிறதா, டப்பியைச் சாய்த்தால் நகர்கிறதா என்று பாருங்கள். வேர்த்தால் எண்ணெய் அதிகம், தேங்காய் எண்ணெயில் இரண்டு கிராம் குறைத்து மெழுகை ஏற்றுங்கள். கோடைக்கு நான் 40 கிராம் கலவைக்கு 11 அல்லது 12 கிராம் மெழுகு போடுவேன். மார்கழிக்கு 9 போதும்.

அது தேறினால் சூடும் குளிரும் மாற்றி வைக்கும் சோதனை. ஒரு நாள் ஃபிரிட்ஜ், ஒரு நாள் 40 டிகிரி, இப்படி ஐந்து சுற்று. திருச்சியில் சித்திரை வைகாசியில் மொட்டைமாடி அறையே 40 இருக்கும், மற்ற மாதத்தில் தெர்மாமீட்டரோடு மூடிய பெட்டியில் வெந்நீர் பாட்டில்களை அடுக்கி வைக்கிறேன். ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு சொரசொரப்பு, பிரிதல், வாடை மூன்றையும் பாருங்கள். சோதிக்காத ஒரு டப்பியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

குழாய்ல போட்டா தடவும்போதே உடையுது.

ஒரு சென்டிமீட்டர் வெளியே திருகி, குழாயை மேசை ஓரத்தில் படுக்கவைத்து அசையாமல் பிடியுங்கள். நுனியில் நூல் வளையம் போட்டு ஒரு காகிதக் கோப்பையைத் தொங்கவிட்டு, அரிசியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உடையும்போது கோப்பையின் எடை என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். இத்தனை கிராம் தாங்கினால் பாஸ் என்று எதுவும் இல்லை, நீங்கள் செய்த முந்தைய கலவையோடு ஒப்பிடத்தான் இது. எல்லாக் குழாயும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். கோகம் பட்டரைக் குறைத்து விளக்கெண்ணெயைக் கூட்டினால் வளைந்து கொடுக்கும்.

ப்ராஜெக்ட்ல உருகுநிலையும் பி.எச்-சும் கேட்கறாங்க. என்ன எழுதறது?

உருகுநிலை பார்ப்பது அர்த்தமுள்ள சோதனை. இரண்டு முனையும் திறந்த மெல்லிய கண்ணாடி நுண்குழாயில் பாமை ஏற்றி, குளிரவைத்து, தெர்மாமீட்டரோடு கட்டி, தண்ணீரில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு டிகிரியாகச் சூடேற்றுங்கள். உள்ளே இருக்கும் பாம் மேலே நகரும் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். மெழுகு உருகும் 62-ஐ எதிர்பார்க்காதீர்கள், எண்ணெய் கலந்ததால் அது இறங்கியிருக்கும். நம் ஊருக்கு 50-ஐத் தாண்டிய பிறகு நகர்ந்தால் எனக்குத் திருப்தி.

பி.எச் என்பது அமிலமா காரமா என்று காட்டும் அளவு, அது தண்ணீர்க் கரைசலுக்கு உள்ள குணம். தண்ணீரே இல்லாத பாமுக்குப் பி.எச் கிடையாது. ஒரு கிராம் பாமை நூறு மில்லி தண்ணீரில் சூடாக்கிக் கலக்கி மீட்டரை வைப்பார்கள். அதில் வருவது பெரும்பாலும் நீங்கள் ஊற்றிய தண்ணீரின் பி.எச்தான். கேட்டிருந்தால் செய்யுங்கள். கூடவே வெறும் தண்ணீரின் அளவையும் பக்கத்தில் எழுதி, இந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று ஒரு வரி சேருங்கள். லிப்ஸ்டிக்குக்கான இந்தியத் தரக் குறிப்பு ஐ.எஸ். 9875 இருக்கிறது, அதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள்.

எத்தனை மாசம் வெச்சுக்கலாம்? வைட்டமின் ஈ போட்டாச்சே, கெடாதுதானே?

வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கு வாடை பிடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். கிருமியையோ பூஞ்சையையோ அது தடுக்காது. ஈரம் புகுந்த பாமை வைட்டமின் ஈ காப்பாற்றாது.

மேலே சொன்ன எண்ணெய்களில் செய்தால் ஆறு மாதம் என்று எழுதி ஒட்டுகிறேன். சூரியகாந்தி எண்ணெயில் செய்தால் அந்த நம்பிக்கை எனக்கு இல்லை. ஒவ்வொரு தடவை செய்யும்போதும் ஒரு டப்பியைத் தேதி போட்டு அலமாரியில் எடுத்துவைத்து, மாதம் ஒருமுறை மோந்து பாருங்கள். பழைய கடலையின் வாடையோ பிள்ளைகளின் கிரேயான் வாடையோ வந்தால் அந்தத் தொகுதி முழுவதும் முடிந்தது. டப்பியாக இருந்தால் ஈரவிரலை விடக்கூடாது. ஒருவர் டப்பியை இன்னொருவர் தொடக்கூடாது, உதட்டில் அக்கி இருந்தால் கண்டிப்பாக.

இயற்கைப் பொருள்தானே, அலர்ஜி எப்படி வரும்?

வரும். விளக்கெண்ணெய்க்கு, தேன்மெழுகில் ஒட்டியிருக்கும் தேனீப் பிசினுக்கு, பட்டை எண்ணெய்க்கு உதடு வீங்கியவர்கள் உண்டு. முழங்கை மடிப்பின் உள்பக்கம் ஒரு ரூபாய் அகலத்துக்குக் காலையும் மாலையும் ஏழு நாள் தடவுங்கள். ஒரே நாள் பார்த்துவிட்டு விடாதீர்கள், சிலருக்கு ஐந்தாம் நாள்தான் சிவக்கும். அரிப்பு இல்லையென்றால் உதட்டின் ஓர் ஓரத்தில் இரண்டு நாள். புதுப் பொருள் ஒன்று சேர்த்தாலும் முதலிலிருந்து.

புதினா எண்ணெய் போட்டா சுருக்குன்னு இருக்கு. அது வேலை செய்யுதுன்னு அர்த்தமா?

இல்லை. வெடித்த தோலில் மெந்தால் எரிச்சல்தான் தருகிறது. எரிந்தால் நக்குகிறோம், நக்கினால் இன்னும் காய்கிறது. மெந்தாலும் கற்பூரமும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் பக்கமே போகக்கூடாது. எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த எண்ணெயும் வேண்டாம், அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். ரோஜாவும் நன்னாரியும் ஊறிய எண்ணெயின் வாசனையே போதும் என்பது என் கருத்து.

கறுப்பு உதடு சிவக்குமா?

சிவக்காது. உதட்டின் நிறம் பிறவியில் வருவது, வெடிப்பு ஆறினால் பளிச்சென்று தெரியும், அவ்வளவுதான். புகைப்பதால் கறுத்திருந்தால் புகையை நிறுத்த வேண்டும். எலுமிச்சையும் சர்க்கரையும் வைத்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வரும் பெண்பிள்ளைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்கள் உதட்டின் நிறத்தில் ஒரு குறையும் இல்லை.

தொப்புள்ல எண்ணெய் வெச்சா உதடு வெடிக்காதாமே?

என் பாட்டியும் வைப்பார். தொப்புளிலிருந்து உதட்டுக்கு எண்ணெய் போக உடம்பில் வழி கிடையாது. அந்தத் துளியை உதட்டில் வையுங்கள்.

வெயிலுக்குப் பாதுகாப்பா ஜிங்க் ஆக்சைடு கலந்து எஸ்.பி.எஃப் போட்டுக்கலாமா?

வீட்டில் கலக்கினால் பொடி சீராகப் பரவாது. ஓர் இடத்தில் திட்டாகவும் இன்னோர் இடத்தில் வெறுமையாகவும் இருக்கும். எத்தனை எஸ்.பி.எஃப், அதாவது வெயிலை எவ்வளவு தடுக்கும் என்பது ஆய்வகத்தில் அளந்து சொல்ல வேண்டிய எண். கலந்த அளவை வைத்துக் கணக்குப் போட முடியாது. வயலில், சாலையில் நாள் முழுக்க நிற்பவர்கள் கடையில் சோதித்து விற்பதை வாங்கித் தடவுங்கள்.

ரெண்டு மாசமா தடவறேன், ஆறவே இல்லை.

அப்படியென்றால் லிப் பாம் விஷயம் இல்லை. வாயோரம் மட்டும் வெடித்தால் இரும்புச்சத்தோ பி2 வைட்டமினோ குறைவாக இருக்கலாம், பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். பருவுக்குச் சாப்பிடும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை உதட்டைக் காயவைக்கும். அல்லது முழங்கைச் சோதனை செய்யாத ஏதோ ஒரு பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பாமையே நிறுத்திப் பாருங்கள். மூன்று வாரம் ஆறாத புண், தடித்த வெள்ளைத் திட்டு இருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். புகையிலை போடுகிறவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக்கூடாது.

குழுவுல செஞ்சு விக்கலாம்னு இருக்கோம். என்ன செய்யணும்?

வீட்டில் செய்து சொந்தக்காரர்களுக்குக் கொடுப்பதும் விற்பதும் ஒன்றில்லை. விற்க வேண்டுமென்றால் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உற்பத்தி உரிமம் வேண்டும். சேர்க்கும் நிறப்பொருளில் ஈயம் பத்து லட்சத்தில் 20 பங்குக்கும், ஆர்சனிக் 2 பங்குக்கும் மேல் இருக்கக்கூடாது. இதையும் கிருமி எண்ணிக்கையையும் ஆய்வகத்தில்தான் பார்க்க முடியும், இங்கே சொன்ன வீட்டுச் சோதனைகள் அதற்கு ஈடாகாது. அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014-லிருந்தே நம் நாட்டில் தடை. எனவே 'விலங்குகளில் சோதிக்கவில்லை' என்பதைப் பெருமையாக அச்சடிக்க அவசியமில்லை.

'வெடிப்பைக் குணப்படுத்தும்' என்று லேபிளில் எழுதினால் அது மருந்தாகிவிடும், சித்த மருந்துக்குத் தனி உரிமம். உதட்டை மென்மையாக வைக்கும் என்று எழுதுங்கள். சேர்த்த பொருள்கள் எல்லாம், தொகுதி எண், செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், முகவரி, உரிம எண் இவை லேபிளில் இருக்க வேண்டும். நோட்டில் தொகுதி எண்ணுக்கு எதிரே எந்த மெழுகு, எந்த எண்ணெய், யாரிடம் வாங்கியது, வெந்நீர்ச் சோதனையில் என்ன ஆயிற்று, திரி எப்படி எரிந்தது என்று எழுதுங்கள். எங்கள் குழுவில் இந்த நோட்டை எழுதுகிறவர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் டப்பிக்கு மூடி போடுவோம்.